மட்டப் படுக்கை

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள வஸீர் நானாவின் விமான ரிக்கற் கடையில் வேலை செய்கிறேன். ஆங்கிலத்தில் போன் எடுத்துப் பேசும் வேலை என்னுடையது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்த படிப்பு அதற்கு மட்டும் உதவுகிறது. கடைக்கு வருகிறவர்கள் சவூதிக்கும் கட்டாருக்கும் வேலைக்குப் போகிறவர்கள், இல்லாவிட்டால் மக்காவுக்கு உம்றா யாத்திரை போகிற உப்புக்குளத்து ஆட்கள். எது மலிவு என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். பிஸ்னஸ் கிளாஸ் பற்றி இங்கே எவரும் விசாரித்தது கிடையாது.

அதனால் தனஞ்சயன் கனடாவில், ஸ்கார்பரோவில் இருந்து போன் எடுத்தபோது வஸீர் நானா கணக்குக் கொப்பியை மூடிவிட்டுக் காது கொடுத்தார்.

"மச்சான், அம்மாவுக்கு பிஸ்னஸ் கிளாஸ் போடப்போறன். எந்த பிளைற் திறமெண்டு எல்லாத்தையும் ஒப்பிட்டுச் சொல்லு. மட்டமாப் படுக்கிற சீற்றா இருக்கோணும்."

நான் போனை வைத்ததும் நானா சிரித்தார். "உங்கட மாமி படுத்துக்கொண்டா கனடா போகப்போறா? எங்கட ஆக்கள் கொழும்புக்கே நிண்டுகொண்டெல்லோ போறாங்க."

தனஞ்சயன் என் மனைவியின் அண்ணன். மனைவி யதுர்சிகா போன மாரியில் எலிக்காய்ச்சலில் செத்துப்போனாள். சண்டை முடிந்து, முகாமில் இருந்து மீள்குடியேறிய பிறகு வந்த முதல் விதைப்பு. அந்த வயலில் இறங்கிய வேறு இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தது. அவர்கள் எழும்பிவிட்டார்கள். நான் இப்போதும் அடம்பன் கிராமத்தில், வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டில், மாமா மாமியோடு இருக்கிறேன். எவரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நானும் போகவில்லை.

மாமா நவரத்தினத்துக்கும் மாமி பரமேஸ்வரிக்கும் கனடாவில் நிரந்தரமாக இருக்க விசா வந்திருந்தது. விசாவில் போட்டிருக்கும் கடைசித் திகதிக்கு முன் அங்கே போய் இறங்க வேண்டும். தவறினால் விண்ணப்பத்தில் இருந்து எல்லாம் மறுபடி தொடங்க வேண்டும். அந்தத் திகதி கிட்ட வந்துவிட்டது. சிக்கல் மாமியின் இடுப்பு. கடைசிச் சண்டையில் பங்கர்க் குழியின் மண் சரிந்து முறிந்த இடுப்புக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்துக்கு மேல் அவரால் உட்கார்ந்து இருக்க முடியாது. மன்னார் ஆஸ்பத்திரிக்கு வரும் பஸ்ஸில், சீற் இருந்தாலும், கடலுக்கு நடுவே போகும் தாம்போதி வந்ததும் எழும்பி நின்றுவிடுவார். கனடா ஒரு நாள் பயணம்.

தனஞ்சயனால் ஒரு பிஸ்னஸ் சீற் எடுக்க முடியும். மாமாவுக்குப் பின்னால் சாதாரண சீற். அதுதான் திட்டம். நான் ஒப்பிடத் தொடங்கினேன்.

எங்கள் கடையில் கம்பனிகளின் பெயரைச் சொல்வதில்லை. விமானத்தின் வாலில் இருப்பதைப் பார்த்து வஸீர் நானா வைத்த பெயர்கள்தான் புழக்கம்: நீலவால், திருக்கை, ரெட்டைக்கோடு. மூன்றின் இணையப் பக்கத்திலும் ஒரே மாதிரிப் படம். வெள்ளைப் போர்வைக்குள் ஒருவன் சிரித்தபடி நித்திரை கொள்கிறான். சிரித்தபடி எவன் நித்திரை கொள்கிறான்?

திருக்கையில் படுக்கை என்று போட்டிருந்தது. எத்தனை பாகை என்று கொழும்புக் கந்தோருக்கு எடுத்துக் கேட்டேன். கந்தோரில் போன் எடுத்த பெண் போய்க் கேட்டுவிட்டு வந்து, கொஞ்சம் சரிவு என்றாள். சரிந்த பலகையில் படுத்தால் ஆள் கீழே வழுக்கும், பாரம் முழுவதும் இடுப்பில் ஏறும். வெட்டினேன். ரெட்டைக்கோட்டில் முழு மட்டம். ஆனால் இரண்டு இடத்தில் இறங்கி ஏற வேண்டும். அதையும் வெட்டினேன். நீலவாலில் முழு மட்டம், ஒரே ஒரு மாற்றம். நல்லது என்று எழுதி வைத்த பிறகுதான் தெரிந்தது, கொழும்பில் இருந்து வளைகுடா வரை பறக்கும் சின்ன விமானத்தில் பிஸ்னஸ் என்பது அகலமான சாய்கதிரை மட்டுமே. ஒரே ரிக்கற்றில் ஒரு கதிரை, ஒரு கட்டில். அந்தக் கதிரையை இணையப் பக்கத்தில் எங்கும் காட்டவில்லை.

பிறகு கழிவறை. மாமியைக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும். பின்னால் இருக்கும் மாமா நடுவில் தொங்கும் திரையைத் தாண்டி முன்னால் வரலாமா என்று மூன்று கந்தோர்களிலும் கேட்டேன். இரண்டில் முடியாது என்றார்கள். பணிப்பெண்கள் கழிவறைக் கதவு வரை கூட்டிப்போவார்களாம்.

"கதவுக்கு உள்ளே?"

"உள்ளே இல்லை, சேர்."

நீலவாலில் மட்டும், விமானத்துக்குள் பொறுப்பாக இருப்பவரிடம் கேட்டால் விடுவார்கள் என்றார்கள். கேட்டால். அதற்கு மேல் ஒரு சொல்லை அவர்களிடம் இருந்து பிடுங்க முடியவில்லை. நீலவாலில் இரண்டு பேருக்கும் இடம் பிடித்து வைத்தேன். காசு கட்டி உறுதிசெய்ய வெள்ளிக்கிழமை பின்னேரம் வரை தவணை.

அன்று வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். மாமி சாய்ந்து படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓம் தம்பி, நல்லது" என்றார். பிறகு, "இவருக்கு எப்ப சாப்பாடு குடுப்பினம்?"

"மாமாவுக்கோ? பின்னால வண்டில் தள்ளிக்கொண்டு வருவினம். உங்களுக்கு முதல்ல வந்திடும்."

"அப்ப இவர் சாப்பிட்டவரெண்டு எனக்கு ஆர் வந்து சொல்லுறது?"

மாமா சாப்பிடாமல் மாமி சாப்பிட மாட்டார். முகாமில் வரிசையில் நின்று வாங்கிய சோற்றையும் அப்படித்தான் மூடி வைத்திருந்தாராம். மாமிக்குச் சீனி வருத்தம் வேறு. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கிவிடுவார்.

"ஆகாயத்தில ஆர் பாக்கப்போகினம்? நீர் சாப்பிடுமன்" என்றார் மாமா.

"நீங்கள் சும்மா இருங்கோ."

மறுநாள் மறுபடி கொழும்புக்கு எடுத்தேன். மரக்கறிச் சாப்பாடு என்று தனியாகச் சொல்லி வைத்தால் பின்னாலும் வண்டில் வருவதற்கு முன்னரே கொடுத்துவிடுவார்கள் என்றார்கள். மாமாவுக்கு அப்படிப் பதியச் சொன்னேன். வஸீர் நானா பார்த்துக்கொண்டிருந்தார்.

"மனுசன் மீன் இல்லாமச் சாப்பிடுவாரா?"

"ஒரு நாள் சாப்பிடட்டும் நானா."

"பாவம். கனடாவுக்குப் போறதுக்கு முதலே தண்டனை."

வீட்டில் சொன்னேன். "ஓம் தம்பி, நல்லது" என்றார் மாமி. பிறகு, இரவில் லைற்றை நூர்ப்பார்களா என்று கேட்டார். நூர்ப்பார்கள் என்றேன். பக்கத்துக் கட்டிலில் ஆம்பிளைகள் இருந்தால் என்ன செய்வது? நடுவில் தடுப்பு இருக்கிறது. அந்தப் பணிப்பெண் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியுமா? ஒன்றிரண்டு பேருக்குத் தெரியலாம். கூப்பிட்டால் உடனே வருவார்களா? பட்டன் இருக்கிறது. நித்திரையில் எப்படிப் பட்டன் அமத்துவது?

"நித்திரையில ஏன் மாமி அமத்த வேணும்?"

மாமி சேலைத் தலைப்பை மடித்தார்.

எனக்கு வந்தது கோபம்தான். வேறு ஒன்றும் வருவதில்லை, கோபம் மட்டும் வருகிறது. "போக விருப்பமில்லையெண்டாச் சொல்லிப்போடுங்கோ. நான் நாள் முழுக்கக் கொழும்புக்காரியளிட்டக் கெஞ்சிக்கொண்டு நிக்கிறன். உங்கட மகன் இரவு பகலா போன் எடுக்கிறான். உலகத்தில ஆருக்கும் கிடைக்காத சீற், நீங்கள் பட்டனைப் பற்றிக் கேக்கிறியள்."

மாமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். முகத்தை மட்டும்.

வெள்ளி காலை பஸ்ஸுக்கு நின்றபோது மாமா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். வயலுக்குப் போகும் வழி அதுவல்ல.

"தம்பி, குறை நினையாதேங்கோ. அவவால திரும்பேலாது."

"எங்க திரும்பேலாது?"

"படுக்கையில. ஒருக்காப் படுத்தாவெண்டா அப்பிடியேதான். கம்பி போட்டதில இருந்து. இரவில நான்தான் இடைக்கிடை எழும்பிப் பக்கம் மாத்திவிடுறனான். விட்டா விடிய இடுப்பு இறுகிப்போயிடும், பிறகு ரெண்டு நாளைக்கு எழும்பேலாது. முகாமிலயும் அப்பிடித்தான்."

"நான் பக்கத்து அறையில கிடக்கிறன் மாமா. எனக்குத் தெரியாதே."

"சத்தம் போடுறேல்லை. பழகிப்போச்சு, அவ முழிக்கிறதும் இல்லை." சைக்கிள் மணியைத் துடைத்தார். "பிள்ளையளுக்குத் தெரியக்கூடாதெண்டவ. தெரிஞ்சா தனா அங்க நேர்சுப் பிள்ளையை வைப்பன், ஆஸ்பத்திரிக் கட்டில் வாங்குவன் எண்டு நிப்பான். அவவுக்கு அது வெக்கம். நானும் சொல்லமாட்டனெண்டு சொல்லிப்போட்டன். இப்ப உங்களுக்குச் சொல்லிப்போட்டன்."

பஸ் வந்தது. ஏறினேன்.

எத்தனை நாள் கட்டில்களை ஒப்பிட்டிருக்கிறேன். பாகை பார்த்தேன், நீளம் பார்த்தேன், திரை பார்த்தேன். முழு மட்டமான படுக்கையில் மாமியைத் தனியாகக் கிடத்திவிட்டால் அவர் ரொறன்ரோவில் பலகை மாதிரித்தான் இறங்குவார். நாங்கள் தேடித் தேடி எடுத்தது அதைத்தான்.

கடைக்குப் போய் முதல் வேலையாக நீலவாலுக்கு எடுத்தேன். நித்திரையில் ஒரு பயணியைப் பணிப்பெண்கள் பக்கம் மாற்றிவிடுவார்களா?

"மாற்றி என்றால், சேர்?"

"திருப்பி. இடது பக்கத்தில் இருந்து வலது பக்கம்."

அவள் என்னைப் போனில் காத்திருக்க வைத்துவிட்டுப் போனாள். பாட்டுக் கேட்டது. திரும்பி வந்து, பயணிகளைத் தூக்கவோ திருப்பவோ பணிப்பெண்களுக்கு அனுமதி இல்லை என்றாள். நன்றி சொன்னேன். நன்றி சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் கசந்துபோயிருந்தது.

நீலவாலில் மாமாவுக்கும் முன்னால் சீற் எடுத்தால் முடிந்தது. அது தனஞ்சயனால் முடியாது என்று எனக்குத் தெரியும். விமானத்தின் படத்தை முன்னால் இருந்து பின்னுக்கு இழுத்தேன். இத்தனை நாளும் நான் பின்பகுதியைப் பார்க்கவே இல்லை. நடுவில் நான்கு நான்காகச் சீற்கள். கைப்பிடிகளைத் தூக்கிவிட்டால் மூன்றில் மாமி படுக்கலாம். நான்காவதில் மாமா. தலை அவர் மடியில். அதே காசுக்கு அந்த வரிசை முழுவதையும் எடுக்கலாம், ஆள் இல்லாத சீற்றையும் ஒருவர் பெயரில் வாங்க விடுகிறார்கள்.

மறுபடி போன். கைப்பிடி மேலே தூக்குமா? நீலவால்காரிக்குத் தெரியவில்லை, கேட்டுவிட்டு, பாதிதான் தூக்கும் என்றாள். ரெட்டைக்கோட்டில் எவரும் எடுக்கவில்லை. திருக்கையில், முழுக்கத் தூக்கும், ஆனால் முதல் வரிசையில் தூக்காது என்றார்கள். அங்கே சாப்பாட்டு மேசை கைப்பிடிக்குள் இருக்கிறதாம். கால் நீட்ட இடம் என்று நான் முதல் வரிசையைத்தான் எடுத்திருப்பேன். சீற் பட்டி போட்டபடி படுக்கலாமா? விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் நிமிர்ந்து இருக்க வேண்டும், மற்ற நேரம் படுக்கலாம். வளைகுடா வரையுள்ள சின்ன விமானத்தில் மூன்று சீற்தான், மாமிக்கு இரண்டு, மாமாவுக்கு ஒன்று. சமாளிக்கலாம்.

மாமாவின் போனுக்கு எடுத்துச் சொன்னேன்.

"அப்ப நடுவில திரையொண்டும் இல்லையோ?"

"இல்லை மாமா. உங்கட மடியிலதான் தலை."

"அப்பிடியெண்டாப் போவம்" என்றார். பிறகு, "மீனும் கிடைக்குமோ?" என்றார்.

நீலவாலை விட்டுவிட்டுத் திருக்கையை உறுதிசெய்தேன். வஸீர் நானா ரிக்கற்றை அனுமதிக்கும் தன் இரகசிய இலக்கத்தைக் கணினியில் அடிக்க முன் என்னைப் பார்த்தார்.

"மச்சானுக்கிட்டக் கேட்டீங்களா?"

"இல்லை."

"பிறகு?"

"பிறகு ஏசுவான்."

இரவே ஏசினான். வீட்டில் போனைச் சத்தமாக வைத்திருந்தேன். மாமி கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னைக் கேளாம மாத்தினியோ? எக்கொனமியிலயோ? அம்மாவையோ?"

"நாலு சீற் மச்சான். படுக்கலாம்."

"பின்னால, கக்கூசுக்குப் பக்கத்தில, சனத்துக்கு நடுவில காலை நீட்டிக்கொண்டு. நல்லாயிருக்கு. நான் இஞ்ச எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், அம்மா பிஸ்னஸில வாறாவெண்டு. உனக்கு விசர்."

"அதுதான் அவவுக்கு வசதி."

"என்ன வசதி? நீதானே சொன்னனி நீலவால் திறமெண்டு. இப்ப என்ன வந்தது? காரணத்தைச் சொல்லு."

காரணம் கையெட்டும் தூரத்தில் படுத்திருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லவில்லை.

"மலிவாப் போட்டு மிச்சத்தை முதலாளியும் நீயும் பங்குபோட்டியளோ?"

அவன் குரல் மாறியது. "யதுவுக்குத்தான் ஒண்டும் செய்யேலாமப் போச்சு. செத்தவீட்டுக்கும் வரேல்லை. அம்மாவையெண்டாலும் ஒருக்கா நல்லாக் கூப்பிடுவமெண்டு பாத்தா, அதையும் நீ கெடுத்துப்போட்டாய்."

எனக்கு ஏதாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. போனைப் பிடித்திருந்த கை களைத்திருந்தது, அவ்வளவுதான்.

மாமி கையை நீட்டினார். கொடுத்தேன்.

"தனா, அவரை ஏசாதை. நான்தான் மாத்தச் சொன்னது."

"ஏனம்மா?"

"இவரைப் பின்னால விட்டிட்டு நான் முன்னால போய்ப் படுக்கிறதோ? எனக்குச் சரிவராது."

ஸ்கார்பரோவில் யாரோ கதவைச் சாத்துவது கேட்டது.

"அம்மா, நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டனம்மா."

"அதுக்கென்ன, ஆரும் கேட்டா பிஸ்னஸ் எண்டே சொல்லு ராசா" என்றார் மாமி. "எப்பிடி இருந்ததெண்டு என்னைக் கேட்டா, நல்ல மெத்தையெண்டு நானும் சொல்லிவிடுறன்."

போனை என்னிடம் தந்தார். அவன் வைத்துவிட்டிருந்தான்.

திங்கள் காலை திருக்கைக்கு மறுபடி எடுத்தேன். மாமாவின் மரக்கறிச் சாப்பாட்டைப் புதிய ரிக்கற்றில் பதிய வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது, சக்கர நாற்காலிக்கும் பதிய வேண்டியிருந்தது. அங்கே எடுத்தவள் பாட்டுப் போட்டுவிட்டுக் கேட்கப் போனாள். நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.