பள்ளத்தில் ஒரு ஸ்க்ரூ

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. என் எழுத்து மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சை வாளியில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்தது. போன மழைக்கு என் அறை ஒழுகியது. எழுத ஒன்றும் கிடைக்காமல் தவித்த எனக்கு வானமே பார்த்து ஏதோ போட்டது என்று உட்கார்ந்துவிட்டேன். (இது முழு உண்மை இல்லை. மீதி நான்காம் பகுதியில் வரும். அதுவரை என்னை நல்லவன் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.)

2

முதல் தொடக்கம்: 'உச்சி வெயிலில், ஏணியின் கடைசிப் படியில் நின்றபடி அவள் பரந்த உலகத்தை...'

வேண்டாம். ஏணியில் நிற்பவர்கள் உலகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டாம் தொடக்கம்: 'சிறு வயதிலிருந்தே அவளுக்குக் கூரைகள் மீது தீராத...'

பொய். சிறு வயதில் என் தங்கைக்குத் தீராத ஆசை இருந்தது என் பங்கு பிஸ்கட்டின் மீதுதான்.

நடந்ததையே சொல்கிறேன். தங்கை ஒன்பது வருடம் ஒரு கூரை போடும் கம்பெனியில் போன் எடுக்கும் வேலை பார்த்தாள். வந்ததெல்லாம் ஒரே புகார்: ஒழுகுது. சொட்டுதா, வழியுதா, சுவரோரமா, நடுவுலயா என்று கேட்டுக் கேட்டு, பார்க்காமலே ஓட்டை எங்கே என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள். லீவு நாட்களில் வேலையாட்களோடு மேலே ஏறியும் பழகினாள். பிறகு ஒரு நாள் வேலையை விட்டாள். ஓர் ஏணி, ஒரு டிரில், இரண்டு ஆட்கள், ஒரு விசிட்டிங் கார்டு. கூரை கான்ட்ராக்டர்!

வேலைதான் வரவில்லை. போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி: "இதுக்கு முன்னாடி யார் வீட்டுக்குப் போட்டீங்க?" காட்டுவதற்கு ஒரே ஒரு கூரை போதும், அந்த ஒன்று அமையவில்லை. ஆறு மாதம் பார்ப்பேன், இல்லாவிட்டால் பழைய நாற்காலிக்கே திரும்பிவிடுவேன் என்றாள். இந்த மாதத்தோடு ஆறு முடிகிறது.

3

யாராவது கைகொடுக்க வேண்டுமே. கதைக்குள் என்னையே அனுப்பினேன். கதையில் வரும் அண்ணன் தங்கமானவன். [எழுதுகிறவனுக்கு இந்தச் சலுகைகூட இல்லையா?] "என் வீட்டுக் கூரைய நீதான் போடணும்" என்கிறான். அவள் கண் கலங்குகிறாள். பிறகு இப்படி எழுதினேன்:

'நெளிநெளியான ஷீட்டின் மேல் அவள் மண்டியிட்டாள். பள்ளம் பார்த்து ஸ்க்ரூவை வைத்து, ஒவ்வொன்றாக இறக்கினாள்.'

இந்த இரண்டு வரிகளைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை. தொழில் தெரிந்தவளிடமே சபாஷ் வாங்கலாம் என்று தங்கையைக் கூப்பிட்டுப் படிக்கக் கொடுத்தேன். எனக்கு நேரம் சரியில்லை, வேறென்ன சொல்ல.

4

அண்ணன் தங்கமானவன் என்ற இடத்தில் சிரித்தாள். அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"பள்ளத்துலயா ஸ்க்ரூ போடறா இவ?"

"ஆமா. ஏன்?"

"தண்ணி ஓடறதே பள்ளத்துலதான். அங்க ஓட்டை போட்டா நேரா வீட்டுக்குள்ளதான் வரும். மேட்டுல போடணும்ணா. இத நீ எங்க பார்த்த?"

"சும்மா... கற்பனைதான்."

"உனக்கு ஏது அவ்வளவு கற்பனை? யாரோ போடறத கீழ நின்னு வேடிக்கை பார்த்திருக்க."

விடுவிடுவென்று என் அறைக்குள் போய் வாளியைப் பார்த்தாள். ஏணியைச் சாய்த்து மேலே ஏறினாள். இறங்கி வரும்போது முகம் சுருங்கியிருந்தது.

"கூரை நல்லாத்தான் இருக்கு, மாத்த வேண்டாம்னு சொன்னியே. எல்லாம் புது ஷீட்டு."

இதுதான் நான் மறைத்த மீதி. அவள் வாய்விட்டுக் கேட்டும் இல்லை என்று சொல்லிவிட்டு, அவள் ஊரில் இல்லாத வாரமாகப் பார்த்து வேறு ஆளை வைத்து மாற்றினேன். சந்தேகம் வரக்கூடாதென்று அதே நிறத்தில் ஷீட் வாங்கினேன். சொந்தத் தங்கையை நம்பவில்லை. எழுதவே கூசுகிறது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: முதல் சொட்டு விழுந்த அன்று என் மனைவி சொன்னது, "உங்களுக்கு நல்லா வேணும்." வாளியைக் கொண்டுவந்து வைத்ததும் அவள்தான்.)

"தப்புதாம்மா" என்றேன்.

ஏணியைச் சுவரிலிருந்து எடுத்துக் கீழே கிடத்தினாள். பிறகு, "நாளைக்கு ஆளுங்களோட வரேன். இனிமே நீ என் கஸ்டமர். எதிர்த்துப் பேசாம டீ போட்டு வை" என்றாள்.

5

இப்போது முடிவுகள்.

முடிவு அ: மழையே வரவில்லை. கோழைத்தனம்.

முடிவு ஆ: மழை வருகிறது, ஒழுகுகிறது, அவள் பழைய நாற்காலிக்குத் திரும்பி, மணி அடித்ததும் போனை...

இதை எழுதக் கை வரவில்லை.

இன்று மூன்றாம் நாள். ஓட்டை விழுந்த ஷீட்டுகளைக் கழற்றிவிட்டு, கடைசிப் புது ஷீட்டை மேலே பொருத்திக்கொண்டிருக்கிறாள். பேக்கரி வைத்திருக்கும் ஓர் அம்மா போன் செய்து, யார் வீட்டுக்குப் போட்டீங்க என்று வழக்கம்போலக் கேட்டார். தங்கை முதல்முறையாக ஒரு விலாசம் சொன்னாள். என் விலாசம். அந்த அம்மா பார்க்க வந்துகொண்டிருக்கிறார். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது.

ஜன்னல் வழியாகக் கத்தினேன்: "மழை வர்ற மாதிரி இருக்கு! கதையில வேணா நிறுத்திடட்டுமா?"

மேலே டிரில் சத்தம் நின்றது.

"வேண்டாம்ணா. அந்தம்மா வந்து நிக்கும்போது நல்லா கொட்டட்டும்."

சரி என்று விட்டுவிட்டேன். கொட்டுகிறது. பேக்கரி அம்மா வாசலில் குடையை மடக்குகிறார். தங்கை கடைசி ஸ்க்ரூவையும் முடுக்கிவிட்டு இறங்கி வந்து, நனைந்த தலையோடு என் அறை வாசலில் நின்று, முதலில் கூரையைப் பார்க்கிறாள். பிறகு வாளியை. பிறகு என்னை.

பழைய தண்ணீர் இன்னும் பாதி வாளி இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே கொட்ட இரண்டு கையும் வேண்டும். ஆகவே பேனாவைக் கீழே வைக்கிறேன். மேலே எப்படி இருக்கிறது என்று நீங்களே அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள்.