தேடலில் வராத கிணறு

றெபேக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். கொழும்புத்துறை நீர்வளக் கல்லூரி நூலகத்தில் அவளோடு வேலை செய்கிறவர்களுக்கு அது தெரியும். கொழும்பிலிருந்து வந்து அவளுடைய மேசையில் ஒப்பந்தத்தை விரித்த சுதாகரனுக்குத் தெரியாது.

"மூண்டு இடத்திலை கையெழுத்து, மிஸ். அடையாளம் வச்சிருக்கிறன்" என்று பேனையைத் திறந்தே நீட்டினான். கல்லூரிக்கு ஆய்வு மின்னிதழ்கள் தரும் கொம்பனியின் ஆள் அவன்.

"கொஞ்சம் இரும், தம்பி" என்றாள் றெபேக்கா, மிகவும் மெதுவாக.

மேசைக்கு இந்தப் பக்கம் மாணவி கஜானி கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். போன கிழமை அவளுடைய ஆய்வேடு திரும்பி வந்துவிட்டது. அளவெட்டி வெங்காயத் தோட்டங்களுக்குள் இரண்டு வருடம் வெயில் பாராமல் அலைந்து, நாற்பது கிணறுகளில் உரத்திலிருந்து தண்ணீரில் இறங்கும் நைத்திரேற்றை அளந்து எழுதிய ஆய்வேடு. இதே கிணறுகளில் எட்டு வருடத்துக்கு முன்பே ஆய்வு நடந்துவிட்டதாம், அதைக்கூட அறியாமல் எழுதியிருக்கிறாளாம். பரீட்சகர்கள் இரண்டே வரியில் எழுதி அனுப்பிவிட்டார்கள்.

பிள்ளை தேடாமலா எழுதினாள்? ஆய்வு தொடங்குமுன், அந்தத் தலைப்பில் முன்னாய்வு இல்லை என்று நூலகர் சான்று எழுதித் தருவது அந்தக் கல்லூரி வழக்கம். நூலகத்துக் கணினியில் ஒரே தேடல் பெட்டிதான். எல்லாவற்றையும் அதற்குள்ளேயே தேடலாம் என்று சுவரில் அறிவித்தல் ஒட்டியவளே றெபேக்காதான். பக்கத்தில் இருந்து மூன்று விதமாகத் தேடிப் பார்த்துவிட்டு, 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தாள். ஆனால் அந்தக் கட்டுரை இருந்தது. இதே நூலகம் வருடாவருடம் காசு கட்டி எடுக்கும், சுதாகரனின் கொம்பனி இதழ் ஒன்றிலேயே இருந்தது.

"ஏன் எங்கடை தேடலிலை வரேல்லை?" என்று சுதாகரனைக் கேட்டாள் றெபேக்கா.

"அந்தத் தேடல் பெட்டி வேறை கொம்பனியின்ரை, மிஸ். அவைக்கு நாங்கள் கட்டுரைத் தலைப்புகளைக் குடுக்கிறேல்லை. எங்கடை பெட்டியை எடுத்திருந்தால் வந்திருக்கும்."

"இதழுக்கு நாங்கள் உரிமை வச்சிருக்கிறம்தானே?"

"வாசிக்கிற உரிமை இருக்கு. தேடினால் அகப்பட வேணும் எண்டு ஒப்பந்தத்திலை எங்கையும் இல்லையே." சொன்னதோடு நிற்காமல் தன் மடிக்கணினியைத் திருப்பி, கொம்பனியின் தளத்துக்குள் நேரே போய்த் தேடினான். "இந்தா, உடனை வருது பாருங்கோ."

என்ன பெருமை அந்த முகத்தில்! கதவு பூட்டவில்லையாம், வீடு எங்கே என்று மட்டும் சொல்ல மாட்டானாம். எங்கள் கிணறு, எங்கள் ஆட்கள் அளந்த கணக்கு, எங்கள் பிள்ளைகளுக்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள்!

கஜானி எழும்பி வந்து திரையைப் பார்த்தாள். அட்டவணையில் விரலை வைத்து இறங்கினவள் ஓரிடத்தில் நின்றாள். கொப்பியைப் புரட்டினாள்.

"மிஸ், இது முன்பள்ளிக் கிணறு. அப்ப நைத்திரேற்று லீற்றருக்கு முப்பத்தொண்டு மில்லிகிராம். நான் அளக்கேக்கை எழுபத்திரண்டு."

"எவ்வளவு வரைக்கும் குடிக்கலாம்?"

"ஐம்பது. நான் போய்ச் சொன்னனான், மிஸ். அவை நம்பேல்லை. எப்பவும் குடிக்கிற தண்ணிதானே, ஒண்டும் ஆகேல்லையே எண்டினம். இது அந்தத் தண்ணி இல்லை எண்டு காட்ட என்னட்டை ஒண்டும் இருக்கேல்லை."

சுதாகரன் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பப் போனான். றெபேக்கா அதன் மேல் கையை வைத்தாள்.

"அந்தப் பக்கத்தை முதல் அச்செடுத்துத் தாரும்."

அச்சு வந்தது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் அவள் தன் கையால் எழுதினாள்: 'தலைப்பு, சுருக்கம், தேடற்சொற்கள் அனைத்தும் நூலகம் பாவிக்கும் எந்தத் தேடல் முறைக்கும் கொடுக்கப்பட வேண்டும்.'

"உது மாத்தேலாது, மிஸ். எல்லாருக்கும் ஒரே ஒப்பந்தம்தான். நீங்கள் கையெழுத்து வைக்காட்டி முதலாம் திகதியோடை இதழெல்லாம் நிண்டுபோம்."

"நிக்கட்டும். நிண்டால் இல்லை எண்டாவது பிள்ளையளுக்குத் தெரியும். இப்ப இதழை வச்சுக்கொண்டே இல்லை எண்டு கையெழுத்துப் போடுறன்."

அவனுடைய பேனையாலேயே இன்னொரு தாளில் எழுதத் தொடங்கினாள். பரீட்சைப் பகுதிக்கு. 'கஜானிக்கு நான் கொடுத்த சான்று பிழை, பிழை நூலகத்தினுடையது, இரு ஆய்வுகளையும் ஒப்பிட்டு எழுத அவருக்கு அவகாசம் தரவேண்டும்.'

"உங்கடை பேரெல்லோ பழுதாப்போம், மிஸ்?" என்றாள் கஜானி.

"போனாப் போகட்டும், பிள்ளை." கடிதத்தில் கையெழுத்து வைத்தாள். பேனையை மூடி, எழுதின வரியோடு, கையெழுத்து வைக்காத ஒப்பந்தத்தையும் சுதாகரனிடம் கொடுத்தாள். அச்செடுத்த பக்கத்தைக் கஜானியின் கொப்பிக்குள் வைத்தாள். மணி பத்தேகால்.

"கடிதத்தை நான் குடுக்கிறன். நீ முதல் முன்பள்ளிக்குப் போ. அந்தத் தண்ணியிலை பிள்ளையளுக்குப் பால் கரைக்கிற நேரம்."