ஏலத்தில் எடுத்த கறிவேப்பிலை

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, கழுத்தைச் சுற்றிப் பழைய படுக்கை விரிப்பைக் கட்டி, ஜோஸ்லின் தன் கணவனுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். நவம்பர் மாதத்து டெல்லி வெயில் அழுக்குத் துணி வழியாக வடிந்தது போல மங்கலாக இருந்தது.

"அசையாதீங்க. காது போயிரும்."

"போனாப் போகட்டும். கண்ணாடி மாட்ட ஒரு காது போதாதா?" என்றான் எபினேசர்.

"போதாது. புதுசா ஏதாச்சும் செஞ்சு மாட்டணும். நூறு ரூவாய்க்கு மேல ஆகும். எங்கிட்ட கேக்கணும்."

இருவரும் சிரித்தார்கள். நூறு ரூபாய்க்கு மேல் எந்தச் செலவானாலும் மற்றவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இதே மாடியில் அவர்கள் போட்டுக்கொண்ட சட்டம் அது. இதுவரை ஒருவரும் மீறியதில்லை.

எபினேசர் வேலை பார்த்த விமானக் கம்பெனி ஒரு நாள் இழுத்து மூடப்பட்டபோது, துவாரகாவில் அவர்களுக்கு இரண்டு படுக்கையறை வாடகை வீடு இருந்தது. வேலை போனதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, மெட்ரோவில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போய் வந்தான். சபையில் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பங்கு கேட்டபோது எல்லாரையும்போலத் தானும் கொடுத்தான். ஜோஸ்லினின் நர்ஸ் சம்பளம் போதாமல் கிரெடிட் கார்டு, அதை அடைக்க இன்னொரு கார்டு, அதை அடைக்க ஒரு லோன். அவளுக்கே எல்லாம் தெரியவந்தபோது வட்டி மட்டும் அவளது பாதிச் சம்பளத்தைத் தின்றுகொண்டிருந்தது.

அப்புறம்தான் மகாவீர் என்க்ளேவில் இந்த ஒற்றை அறை. பால் அரை லிட்டர். சனிக்கிழமைச் சந்தையில் கடையைக் கட்டும் நேரத்தில் போய், வதங்கிய காய். குளிருக்குக்கூட கீசர் கிடையாது. மெட்ரோவில் இறங்கினால் ரிக்‌ஷா இல்லை, நடைதான். இவை எதுவும் ஜோஸ்லினுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. வலித்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு பேரும் ஷிப்டில் ஓடும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் கிரெச்சுக்குக் கட்டப் பணமில்லாமல், போன வருடம் ஜூனில் நான்கு வயது மகள் அன்னாவைப் பாளையங்கோட்டையில் குளோரி அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தது.

அந்தக் கணக்கு இப்போது முடியப் போகிறது. லோனில் பெரும்பகுதி அடைந்துவிட்டது. தெரு முனையில் கிரெச் நடத்தும் பஞ்சாபி அம்மாளிடம் ஓர் இடம் பேசியாயிற்று. முன்பணம் பதினெட்டாயிரத்தையும் சிறுகச் சிறுகச் சேர்த்து டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தாள். மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய் அன்னாவைக் கூட்டி வர ரயில் டிக்கெட்கூட எடுத்தாயிற்று.

"பின்னாடி கோணலா இருக்கோ?" என்று எபினேசர் பிடரியைத் தடவினான்.

"லேசா. சர்ச்சுல உங்க பிடரிய யாரு பாக்கப் போறா?"

அன்று சபையில் அறுப்பின் பண்டிகை. ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு பொருளைப் படைக்கும். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். இருநூறு ரூபாய் கேக்கை ஐயாயிரத்துக்கு எடுப்பார்கள். பணம் ஆலயக் கட்டட நிதிக்குப் போகும். கடையில் எதையும் வாங்கிப் படைக்க வழியில்லாததால், மாடியில் தொட்டியில் நின்ற கறிவேப்பிலைச் செடியைக் கொண்டுபோவதென்று ஜோஸ்லின் முடிவு செய்திருந்தாள். இரண்டு டெல்லிக் குளிரைத் தாண்டிய செடி. அன்னா ஊருக்குப் போவதற்கு முன் அதற்குத் 'தம்பி' என்று பேர் வைத்து, தான் குடிக்கும் தண்ணீரில் பாதியை அதற்கு ஊற்றுவாள்.

"தம்பியவா குடுக்கப் போற?" என்று எபினேசர் கேட்டான்.

"வேற என்ன இருக்கு நம்மகிட்ட?"

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாக சபை நிறைந்திருந்தது. ஏலம் விடுவது வழக்கம்போலச் செயலாளர் தானியேல் சார். மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குரலில் இன்னும் அலுவலகம் இருந்தது. பூசணிக்காய் போயிற்று, அச்சு முறுக்கு போயிற்று, கேக் ஆறாயிரத்துக்குப் போயிற்று.

"அடுத்து, சகோதரி ஜோஸ்லின் எபினேசர் படைத்த கருவேப்பிலைச் செடி. நூறு ரூபாயில ஆரம்பிக்கிறேன். யாரு கேக்கிறா?"

யாரும் கேட்கவில்லை. சாணக்யபுரியிலிருந்து காரில் வந்திருந்த ஒரு அம்மா கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஜெயபால் எழுந்தான். விமான நிலையச் சரக்குப் பிரிவில் சூப்பர்வைசர். எபினேசருக்கு இப்போதைய வேலையை வாங்கிக் கொடுத்தவன்.

"சார், கருவேப்பிலைய யாரு சார் திங்கா? குழம்புல போடுவோம், அப்புறம் தட்டுல ஓரமாத் தள்ளுவோம்!"

சபை சிரித்தது. அவனுக்கு உற்சாகம் கூடிவிட்டது.

"நம்ம எபியும் அப்படித்தானே. பழைய கம்பெனிக்காரன் ஓரமாத் தள்ளிட்டான். வேலை இல்லாம மெட்ரோவுல சுத்திக்கிட்டுக் கெடந்தவன நாந்தானே பொறுக்கி எடுத்தேன். இதையும் நானே எடுத்துக்கிடுதேன். இருநூறு போடுங்க சார்!"

இந்த முறை சிரிப்பு பாதியில் நின்றது. வேலை போனது தெரியும், மெட்ரோவில் சுற்றியது ஜெயபாலைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. ஜோஸ்லினுக்குக் காது மடல்கள் எரிந்தன. எபினேசர் மெதுவாகத் திரும்பி, நடுவே இருந்த பாதையைத் தாண்டி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானது. கடைவாசலில், மருந்துக்கடையில், எத்தனையோ முறை பார்த்தது. நூறு ரூபாய்க்கு மேல். கேட்கட்டுமா?

அவள் தலையை ஆட்டினாள்.

"ஐநூறு" என்றான் எபினேசர்.

"ஆயிரம்" என்றான் ஜெயபால், சிரித்துக்கொண்டே.

"ரெண்டாயிரம்."

"அச்சா! எபி கோதாவுல எறங்கிட்டான்டே. மூவாயிரம்."

யாரோ கை தட்டினார்கள். ஐந்து, ஆறு, எட்டு. ஜோஸ்லின் இருமிப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். எபினேசர் திரும்பவே இல்லை. அவன் பிடரி மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது, காலையில் அவள் கோணலாக வெட்டிய முடியோடு. எழுந்து நின்று 'போதும்' என்று சொன்னால் என்ன? அவள் எழவில்லை. சொல்லியிருந்தால் ஜெயபால் சொன்னது அத்தனையும் உண்மை என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல ஆகியிருக்கும்.

"பதினாலாயிரம்" என்றான் எபினேசர்.

ஜெயபால் இரண்டு கைகளையும் தூக்கினான். "எடுத்துக்கோடே. தேவனுக்குத்தானே போகுது."

"பதினாலாயிரம் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! சகோதரர் எபினேசர். ஸ்தோத்திரம்!"

மெட்ரோவில் செடித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தான் எபினேசர். நிலையத்துக்கு வெளியே ரிக்‌ஷாக்காரன், "ஆவோ பையா, ஜல்தி!" என்று கூப்பிட்டான். இருவரும் பழக்கத்தில் அவனைத் தாண்டி நடந்தார்கள். ஜோஸ்லினுக்கு அங்கேதான் பொறுக்கவில்லை.

"இருவது ரூவா மிச்சம் பிடிச்சாச்சு. இன்னும் எத்தனை நாள் நடந்தா பதினாலாயிரம் வரும்னு சொல்லுங்க."

"ஜோஸ், நான் ஒன்னைப் பாத்தேன். நீ தலைய ஆட்டின."

"ஐநூறுக்கு ஆட்டினேன்!"

"எனக்கு அப்படித் தெரியலட்டி." தொட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "அவன் சபைக்கு முன்னால அப்படிச் சொல்லுதான். ஓரமாத் தள்ளினவன்னு. அந்தச் செடியும் அவன் வீட்டுக்குப் போயிருச்சுன்னா அன்னா வந்து, தம்பி எங்கப்பான்னு கேட்டா என்ன சொல்லுவேன்? அப்படித்தான் அந்த நேரத்துல தோணிச்சு."

"அன்னா வந்தால்ல கேப்பா?"



மறுநாள் ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட் முடிந்ததும், அவனிடம் சொல்லாமல், ஜோஸ்லின் துவாரகாவில் தானியேல் சாரின் பிளாட்டுக்குப் போனாள். படியேறும்போதே என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டாள். எங்களால் முடியாது சார். செடியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். யார் என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

தானியேல் சார் அவளை உட்கார வைத்து, கடைசிவரை கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, நேத்தே ஒரு வார்த்தை எங்காதுல போட்டிருக்கலாமே. ஏல பாக்கியக் குடுக்க ஈஸ்டர் வரைக்கும் நேரம் இருக்கு. கஷ்டம்னு சொன்னா நானே யாருக்கும் தெரியாம விட்டிருப்பேன். முன்னாடியும் விட்டிருக்கேன்."

"இப்ப விடுங்க சார்."

அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எபினேசர் காலையிலேயே வந்தாரும்மா. மொத்தமாக் குடுத்துட்டாரு. நானும் சந்தோஷமா வாங்கி, ஜெபம் பண்ணி, வேலை செஞ்ச கான்ட்ராக்டருக்கு அனுப்பியும் வச்சிட்டேன்."

ஜோஸ்லின் எழுந்தாள். உள்ளேயிருந்து வந்த காப்பியைக் குடிக்காமல் கிளம்பினாள்.

எபினேசர் கட்டில் ஓரத்தில் சீருடையோடு உட்கார்ந்திருந்தான். டிரங்குப் பெட்டி மூடியிருந்தது. அவள் திறந்து பார்க்கவில்லை.

"ஷிப்டுக்குப் போனா ஜெயபால் மொகத்துல முழிக்கணும்" என்றான் அவன், கேட்காமலே. "பணம் குடுத்தாச்சாடேன்னு எல்லாருக்கும் முன்னால கேப்பான். அதான் அதுக்கு முன்னாலயே... நான் ஆப்ல லோன் பாத்துட்டேன் ஜோஸ். பத்து நிமிஷத்துல போட்டுருவானாம். கிரெச்சுக்குக் கட்டிருவோம். அன்னா வந்துருவா."

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிறிஸ்துமஸுக்கு மகள் இந்தக் கட்டிலில் இருவருக்கும் நடுவே படுத்திருப்பாள். அப்புறம் அந்த லோனுக்கு ஒரு கார்டு. கார்டுக்கு இன்னொரு லோன். மறுபடி ஒரு ஜூன் மாதம், மறுபடி பாளையங்கோட்டை ரயில். இரண்டாவது தடவை அந்தப் பிள்ளையின் கைவிரல்களைத் தன் சேலையிலிருந்து பிரித்தெடுக்கத் தன்னால் முடியாது.

"வேண்டாம்."

"ஜோஸ்..."

"ஒரு தரம் விட்டுட்டு வந்தோம். கூட்டிட்டு வந்து திரும்பவும் விட என்னால ஆகாது. கடன் முடியட்டும். அடுத்த வருஷம் பாப்போம்." அவள் சுவரை விட்டு நிமிர்ந்தாள். "நூறு ரூவாய்க்கு மேல. நீங்க எங்கிட்ட கேட்டீங்க. நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அவன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். அவள் பக்கத்தில் போய் உட்காரவில்லை. ஆனால் அறையை விட்டு வெளியேயும் போகவில்லை. போக வேறு அறையும் இல்லை.

கிரெச் அம்மாள், "கோயி பாத் நஹி பேட்டா", பரவாயில்லை மகளே என்று சொல்லி, அந்த இடத்தை அன்றே வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாள். ரயில் டிக்கெட்டை ரத்து செய்ததில் கொஞ்சம் திரும்பி வந்தது. அதை அந்த மாதத் தவணையில் போட்டார்கள். அக்காவிடம் ஜோஸ்லின் சொன்னாள். அன்னாவிடம் சொல்ல எபினேசர்தான் போனை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான்.

"அன்னாக்குட்டி, எங்களால இந்தக் கிறிஸ்துமஸுக்கு வர முடியலம்மா. நீ இன்னும் கொஞ்ச நாள் பெரியம்மா வீட்டுல இருக்கணும். அப்பா மேல கோவமா?"

மறுபுறம் டி.வி. ஓடும் சத்தம் கேட்டது.

"இல்லப்பா. நான் கிறிஸ்துமஸ் நாடகத்துல தேவதூதன். றெக்கை எல்லாம் தச்சாச்சு." பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினாள். "அம்மா! டெல்லி அம்மாவும் அப்பாவும் பேசுதாவ! நீங்க பேசுதியளா?"

குளோரி அக்கா பதறிப்போய், "ஏட்டி, பெரியம்மான்னு சொல்லு" என்று அதட்டுவது கேட்டது. எபினேசர் போனை அணைத்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

வெகுநேரம் கழித்து ஜோஸ்லின் மாடிக்குப் போய், செடியிலிருந்து இரண்டு கொத்து ஒடித்து வந்தாள். புளிக்குழம்பு வைத்தாள். தாளிக்கும்போது வழக்கத்தைவிட நிறையப் போட்டாள். வாசனை அந்தச் சின்ன அறையை அடைத்துக்கொண்டு நின்றது.

தரையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எபினேசர் சோற்றைப் பிசைந்தான். விரலில் ஒரு கறிவேப்பிலை தட்டுப்பட்டது. பழக்கத்தில் அதைத் தட்டின் ஓரத்துக்குக் கொண்டுபோன கை, பாதியில் நின்றது. எடுத்து வாயில் போட்டு மென்றான். அடுத்ததையும் மென்றான். ஜோஸ்லின் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் தட்டில் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவளும் மென்றாள். கசந்தது. விழுங்கினாள்.

சாப்பிட்டு முடித்தபோது இரண்டு தட்டுகளிலும் ஓர் இலைகூட மிச்சமில்லை.