சக்கரத்தைக் கொடுத்தவர்

கீழைக் கடலின் நீலத்தினின்றும் எழுந்து, குன்றெல்லாம் காடு போர்த்து, கரையெல்லாம் சதுப்பு மரங்களின் வேர்களை உவர்நீரில் நனைய விட்டுக் கிடக்கும் லாங் ஐலண்ட் என்னும் சிறு தீவில், ஞாயிற்றின் முதற்கதிர் படகுத்துறையின் பலகைகளைத் தொட்ட வேளை அது. வாழைத்தார்களும் கோழிக்கூடைகளும் உறங்கி வழியும் மழலையருமாய் மக்கள் படகேறிக்கொண்டிருக்க, சுக்கான் சக்கரத்தைப் பற்றி நின்றாள் அப்படகின் தலைமை மாலுமி ஷெர்லின். நயமறிந்த வாசகரே, பெண்ணொருத்தி அங்கு நிற்பதைக் கண்டு இன்று எவரும் வியப்பதில்லை. பதினான்கு ஆண்டுகளுக்கு முன்போ ஊரே நகைத்தது.

அன்று நகையாதவர் ஒருவரே. அவர் அப்போதைய தலைமை மாலுமி காத்தமுத்து. முதுமையால் மெலிந்துவிட்ட அவர், இராமநாதபுரத்தில் மகளின் இல்லத்தில் நிலையாகத் தங்கும்பொருட்டு, தகரப்பெட்டி ஒன்றுடன் இக்காலையில் படகேறினார். எதிர்க்கரையில் இறங்கியதும் பேருந்தைப் பிடிக்க வேண்டும். பழங்குடியினர் காட்டின் ஊடே செல்லும் சாலையின் காவற்கதவு குறித்த வேளையில் மட்டுமே திறக்குமாதலின் அப்பேருந்து எவர்க்காகவும் நில்லாது. பிறகு பெருநிலத்துக்குக் கப்பல், பிறகு மீளுதல் இல்லை. பதினான்கு ஆண்டுகளாய் நெஞ்சில் கிடந்த நன்றியைச் சொல்ல ஷெர்லினுக்கு எஞ்சியிருந்தது ஒரு மணி நேரமே.

அந்நன்றியின் வரலாறு இது. வள்ளத்தை மணலில் இழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்பும் மீனவர் குடியில் பிறந்தவள் அவள். கடல் வடிந்தால் துறையில் கட்டிய படகும் உடன் இறங்கும் என்பதை அவள் கை அறிந்திருக்கவில்லை. படகில் பணியேற்ற முதல் வாரத்தில், நீர் நிறைந்திருந்த பொழுது, கயிற்றைத் தளர்வின்றி இறுகக் கட்டிவிட்டுப் பூசை காண மாதா கோவிலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது நீர் வடிந்திருந்தது. படகோ கயிற்றில் தொங்கி, ஒருபக்கம் சாய்ந்து, பாதி நீர் குடித்துக் கிடந்தது. அவளை விலக்கிவிடுக என்றனர் அனைவரும். காத்தமுத்துவோ நீரை இறைத்தார். மறுநாட் காலை, நாற்பது பயணியர் பார்த்திருக்க, குறுகி வளையும் உப்பங்கழியில் சக்கரத்தையே அவள் கையில் கொடுத்துவிட்டுப் பின்புறம் சென்று அமர்ந்தார்.

இன்று அவ்வுப்பங்கழி நெருங்கியபோது, அவர் மெல்ல வந்து அவளருகே நின்றார்.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும்” என்று திரும்பினாள்.

“முன்னாடி பாத்துச் சொல்லும்மா. தண்ணி கம்மியா இருக்கு.”

அவள் நீரை நோக்கியே சொன்னாள். “அன்னைக்கு எல்லாரும் என்னைப் போகச் சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் நம்புனீங்க. என் வீடு, பிள்ளைங்க படிப்பு எல்லாம் அதுல வந்ததுதான். இத்தனை வருசமாச் சொல்லாம இருந்துட்டேன்.”



“நம்புனேன்னு யாரு சொன்னா?” என்றார் முதியவர். “பயத்துல செத்தேன். பக்கத்துல நின்னா என் கை தானாச் சக்கரத்தப் புடுங்கிரும்னுதான் பின்னாடி போனேன். கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டுக் கண்ண மூடிட்டேன். படகுத்தொறை வந்திருச்சுன்னு சொன்ன பொறவுதான் தொறந்தேன்.”

“அப்புறம் ஏண்ணே குடுத்தீங்க?”

“குடுக்கலைன்னா, ஆயுசுக்கும் அந்தக் கயித்தை மட்டுந்தானே நீ நினைச்சுக்கிட்டு இருந்திருப்ப.”

அவள் கண் நிறைந்தது. வளைவில் கையெடுக்க இயலாது. அவர் தம் தோள்துண்டால் அவள் கண்களைத் துடைத்துவிட்டார். “வழி தெரியணும்ல” என்றார்.

கரை வந்தது, அவர் இறங்கினார், பேருந்து புழுதி கிளப்பிக் காட்டுக்குள் மறைந்தது. அச்சமில்லாதார் பிறரை நம்புதல் எளிது. நெஞ்சு நடுங்கியும் தம் கையை விலக்கிக்கொண்டவர்க்கு நாம் சொல்லும் நன்றியோ, ஒரு மணி நேரத்தில் சொல்லி முடிவதன்று.