ஐந்து நாற்காலி இருந்தால் இயற்பியல்

அந்தப் பெண்கள் விடுதிப் பள்ளியில் பாடம் தேர்ந்தெடுப்பது வாயால் சொல்லும் காரியமல்ல, தலையில் சுமக்கும் காரியம். மூன்றாம் ஆண்டு தொடங்கும் ஜனவரி திங்கட்கிழமை, பெண்கள் ஒவ்வொருத்தியும் தன் பெயர் பெயிண்டில் எழுதிய மர நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, எந்தப் பாடம் வேண்டுமோ அந்த அறைக்கு நடக்க வேண்டும். கணக்கும் வேதியியலும் எல்லோருக்கும் பொது. அதற்குப் பெரிய கூடத்தில் நீள பெஞ்சு இருக்கிறது. உயிரியலா இயற்பியலா என்பதற்கு மட்டும்தான் இந்த நாற்காலி ஊர்வலம். சேரும்போது மெத்தை, பக்கெட்டோடு வீட்டிலிருந்து கொண்டுவந்த நாற்காலி அது. தொலைத்தால் கக்கூஸ் கழுவ வேண்டும்.

உயிரியல் அறை சமையற்கட்டுக்குப் பக்கத்தில், மாமர நிழலில். இயற்பியல் அறை தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, வேலியோரம். அதற்கப்பால் பருத்த பாவோபாப் மரங்களும் மொம்பாசா சாலையில் லாரிச் சத்தமும்தான். யார் அந்த அறையை அங்கே கட்டினார்களோ, அவர்களுக்கும் இயற்பியல் பிடிக்காதுபோலிருக்கிறது.

சியோம்புவா நாற்காலியைத் தூக்கினாள். பின்னாலேயே கலேக்யே தூக்கினாள். முதலாண்டிலிருந்து இருவரும் ஒரே சோப்பு, ஒரே டம்ளர், ஒரே சண்டை. டிசம்பர் விடுமுறைக்குப் போகும் முன் பஸ் நிறுத்தத்தில் சியோம்புவா கெஞ்சிக் கேட்டு, கலேக்யே "சரிடி, வந்து தொலைக்கிறேன்" என்று சொல்லியிருந்தாள்.

பாதை மாமரத்தருகே இரண்டாகப் பிரியும். சியோம்புவா தொட்டிப் பக்கம் திரும்பினாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. தலையில் நாற்காலி இருக்கும்போது திரும்பிப் பார்க்க முடியாது. அவளும் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே நடந்தாள்.

"கலே, ஜன்னலோரம் எனக்கு. போன வருஷம் உனக்கு விட்டுக்குடுத்தேன், ஞாபகம் இருக்குல்ல? முதிண்டா சார் தூங்கி வழிஞ்சா நீதான் இருமணும்."

அறைக்குள் போய் நாற்காலியை இறக்கித் திரும்பினாள். பின்னால் யாருமில்லை. காலடிச் சத்தம் எப்போது நின்றதென்றே தெரியவில்லை. இவ்வளவு தூரம் காற்றோடு பேசிக்கொண்டு வந்திருக்கிறோம் என்று நினைத்தபோது காதுமடல் சுட்டது. அழுகையைவிட வெட்கம்தான் முதலில் வந்தது.

மற்றவர்கள் வராததில் ஆச்சரியமில்லை. போன வருடம் இயற்பியல் எழுதிய அக்காக்கள் கோட்டைவிட்டிருந்தார்கள். இயற்பியல் எடுத்தால் முடி கொட்டும் என்று விடுதியில் ஒரு பேச்சு. எல்லோருக்கும் ஒட்ட வெட்டிய தலை, கொட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. பயம் வந்தால் கேள்வி வராது.

சாயங்காலம் துணைத் தலைமையாசிரியை கவாட்டா மேடம் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷி. ஆனால் எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பமாட்டார்.

"ஒருத்திக்காக ஒரு வாத்தியாரை ஒதுக்க முடியுமா? அஞ்சு நாற்காலி இருந்தா வகுப்பு. வெள்ளிக்கிழமை டீ நேரத்துல வந்து எண்ணுவேன். இல்லன்னா உன் நாற்காலியத் தூக்கிட்டு மாமரத்துக்குப் போயிடு. என்ன?"

"சரி மேடம்."

"பயாலஜியும் நல்ல பாடம்தான்மா. எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

 சியோம்புவாவின் வீட்டு மேய்ச்சல் நிலத்தின் மேலேயே மின்கோபுரங்கள் போகின்றன. மொம்பாசாவிலிருந்து நைரோபிக்கு ஊரையே எரிக்கிற கரண்டு போகிறது, கீழே அவர்கள் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு. சின்ன வயதில் ஒரு லைன்மேனிடம் அதிலிருந்து ஒரு கம்பி இழுத்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அவன் சிரித்து, "அது உங்க வீட்டுக்கு ரொம்பப் பெருசு பாப்பா. பல்பு வெடிச்சிரும். மொதல்ல கொறைக்கணும்" என்றான். எப்படிக் குறைப்பார்கள் என்று கேட்பதற்குள் லாரி ஏறிப் போய்விட்டான். அந்தக் கேள்வி அவளோடு வளர்ந்துவிட்டது. மின்பொறியியல் படிக்க வேண்டும். அதற்கு இயற்பியல் வேண்டும். இயற்பியலுக்கு இன்னும் நாலு நாற்காலி வேண்டும்.

செவ்வாயும் புதனும் அவள் கேட்காத ஆளில்லை. மக்காச்சோளமும் பீன்ஸும் வேகவைத்த கிதேரி வாங்கும் வரிசையில் தட்டோடு நின்று கேட்டாள்.

"எனக்கு இருக்கற தலைவலி போதாதா?" என்றாள் கசியோகா.

"ஏண்டி, நீ இன்ஜினியர் ஆனா கம்பத்துல ஏறுவியா? பாவாடை கட்டிக்கிட்டா?" என்றாள் முதேயு. வரிசை முழுக்கச் சிரித்தது. சிரித்ததில் கலேக்யேவின் குரலும் இருந்ததா என்று சியோம்புவா காதைத் தீட்டினாள். இருந்தது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இரண்டு நாளாக இருவருக்கும் பேச்சில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டி மேடையில் தனியாக உட்கார்ந்து தின்றாள். தனியாகத் தின்றால் பீன்ஸில் கல் அதிகம் கடிபடுகிறது.

வியாழக்கிழமை துணி துவைக்கும் குழாயடியில் கலேக்யே தானாக வந்து நின்றாள்.

"இன்னும் எத்தனை நாள் மூஞ்சிய உர்ருன்னு வெச்சுக்குவே?"

"நீ வர்றேன்னு சொன்னே."

"சொன்னேன். தொட்டி வரைக்கும் வந்தேன்டி. சத்தியமா. அப்பறம் கால் நின்னுருச்சு. எனக்கு நர்ஸ் வேலைக்குப் போகணும். பயாலஜி தெரியாத நர்ஸ் ஊசி போட்டா எவன் பிழைப்பான்? நீயே சொல்லு."

அது நியாயம் என்று சியோம்புவாவுக்குத் தெரியும். நியாயம் என்பதாலேயே இன்னும் கோபம் வந்தது. சட்டைக் காலரைப் போட்டுக் கசக்கினாள்.

கலேக்யே குரலைத் தாழ்த்தினாள். "மேடம் என்ன சொன்னாங்க? அஞ்சு பொண்ணுங்க வேணும்னாங்களா, அஞ்சு நாற்காலியா?"

"நாற்காலி."

"அப்பறம் என்ன? ஆள் வரலைன்னா நாற்காலி வரட்டும். டீ நேரத்துல அறையில ஆளே இருக்காது. அவங்க நாற்காலியத்தானே எண்ணுவாங்க? எந்நேரமும், 'நாற்காலி எங்கயோ, பொண்ணு அங்க'ன்னு பாட்டுப் பாடுவாங்களே! முதேயுகிட்ட பேசிட்டேன். கசியோகாவும் தர்றா. இன்னொருத்திய நான் மிரட்டிக்கறேன்."

சியோம்புவா நிமிர்ந்து பார்த்தாள். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது ஏமாற்றம்தான். "நான் உன்னைக் கேட்டேன் கலே. உன் நாற்காலியக் கேக்கல."

"என்னால குடுக்க முடிஞ்சது அதான்டி," என்றாள் கலேக்யே. முகத்தில் சோப்பு நுரை தெறித்திருந்தது. துடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை டீ மணி அடித்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சியோம்புவா தூரத்திலிருந்தே பார்த்தாள். கவாட்டா மேடம் முதலில் மாமரத்தடி அறைக்குப் போனார். பிறகு வெயிலில் குடைபிடித்துத் தொட்டிப் பக்கம் நடந்தார். உள்ளே போனவர் சீக்கிரம் வெளியே வரவில்லை. சியோம்புவாவின் டீயில் ஆடை படிந்தது. கடைசியில் குடை வெளியே வந்தது. இரண்டு அறையையும் கூட்டினால் மொத்தம் சரியாக வந்துவிட்டது. மொத்தம் சரியாக வந்தால் மேடத்துக்கு உலகமே சரி. இருட்டுவதற்குள் அட்டவணை சுவரில் ஏறிவிட்டது: திங்கள், முதல் பாடவேளை, இயற்பியல். அந்தப் பள்ளியில் சுவரேறிய அட்டவணை வருடம் முடியாமல் இறங்காது.

முதேயுவும் கசியோகாவும் இன்னொருத்தியும் அன்றைக்கே வந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். "ஒரு நாள் இயற்பியல் படிச்சதுல என் நாற்காலிக்கே தலை சுத்துதுடி," என்றாள் முதேயு. கலேக்யே வரவில்லை. நாளைக்கு வருவாள் என்று சியோம்புவா நினைத்தாள். சனி போயிற்று, ஞாயிறு ஜெபமும் போயிற்று. அவள் நாற்காலி அங்கேயே இருந்தது.

திங்கள் காலை முதல் மணிக்கு முன்னால், சியோம்புவா கலேக்யேவின் நாற்காலியைத் தலையில் ஏற்றிக்கொண்டு மாமரத்தடிக்குப் போனாள். பாவம், மூன்று நாளாக நின்றுகொண்டா இருக்கிறாள் என்று பதைப்பு.

அவள் நிற்கவில்லை. முதேயுவின் நாற்காலியில் பாதி இவள், பாதி அவள். விழாமலிருக்க கலேக்யே முதேயுவின் தோளில் கை போட்டிருந்தாள். ஒரே நோட்டு இருவர் மடியிலும். என்னவோ சொல்லி இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு சியோம்புவாவுக்கு அத்துப்படி. முதல் வருடம் விளக்கணைத்த பின் போர்வைக்குள் சிரித்த சிரிப்பு அது.

கலேக்யே பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வந்தாள்.

"உன் நாற்காலி," என்றாள் சியோம்புவா.

"ஐயே, எதுக்குத் தூக்கிட்டு வந்தே? அங்கயே இருக்கட்டும். மேடம் திடீர்னு எட்டிப் பாத்தா ஒண்ணே ஒண்ணு இருந்தா நல்லாவா இருக்கும்? ரெண்டாச்சும் இருக்கட்டும்."

"நீ எதுல உக்காருவே?"

"எங்களுக்கு இது போதும்டி. முதேயு ஒல்லிக்குச்சி."

எங்களுக்கு. அந்தச் சொல் இத்தனை நாள் கலேக்யேவுக்கும் சியோம்புவாவுக்குமானது. கலேக்யே கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாசத்தில்தான் சொன்னாள், அவள் கண்ணே சொல்லிற்று. அதுதான் தாங்கவில்லை. கொடுத்தவள்மேல் கோபப்படவும் வழியில்லை. சியோம்புவா தலையை ஆட்டிவிட்டு நாற்காலியைத் திரும்பவும் தூக்கினாள். போகும்போது பின்னால் காலடி கேட்கிறதா என்று காது கொடுத்தாள். கேட்கவில்லை. தலையில் சுமை இருந்தது நல்லதாய்ப் போயிற்று, முகம் யாருக்கும் தெரியவில்லை.

ஜன்னலோரம் தன் நாற்காலி, அதை ஒட்டிக் கலேக்யேவின் நாற்காலி. கால்கள் தொடும்படி நகர்த்திப் போட்டாள்.

முதிண்டா சார் சாக்பீஸ் டப்பாவோடு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"மத்தவங்க எங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். "யாருமில்ல சார். நான் மட்டுந்தான்."

"அஞ்சு இருந்துச்சுன்னு மேடம் சொன்னாங்களே?"

"நாற்காலி இருந்துச்சு சார்."

அவருக்குப் புரிந்தது. சிரிப்பா பெருமூச்சா என்று தெரியாத ஒன்று வந்தது. "எனக்கு எவ்வளவு கஷ்டம் பண்ணிட்டே, தெரியுமா? இந்த வகுப்பு நின்னுபோனா என்னை வோய் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாத்திடுவாங்க. பொண்டாட்டி புள்ளைங்க அங்கதான் இருக்காங்க. போன வாரமே வர்றேன்னு போன்ல சொல்லிட்டேன்."

இயற்பியல் வாத்தியாருக்கே இந்த வகுப்பு வேண்டாம்.  தான் கேட்டது இவ்வளவு பெரிய தப்பா என்று சியோம்புவாவுக்குத் தோன்றியது. சார் அலுவலகப் பக்கம் ஒருமுறை பார்த்தார். நாலெட்டு வைத்துச் சொன்னால் போதும், அட்டவணை அல்ல, சுவரே இறங்கிவிடும். 

"அப்படி என்னம்மா இருக்கு இதுல உனக்கு?"

"பெரிய லைன்ல போற கரண்டை வீட்டுக்கு எப்படி சார் கொறைப்பாங்க?"

எதிர்பாராத இடத்தில் அடிபட்டவர்போல அவர் பார்த்தார். "அது அடுத்த வருஷப் பாடம்," என்றார்.

"இருக்கேன் சார்."

 சார் சாக்பீஸ் டப்பாவை மேசையில் வைத்தார். "சரி, உக்காரு. ஒருத்திக்கு நின்னுக்கிட்டு நடத்துனா காலியான சர்ச்சுல பிரசங்கம் பண்ற மாதிரி இருக்கும். நானும் உக்காந்தே சொல்றேன்." கலேக்யேவின் நாற்காலி முதுகைப் பிடித்து இழுத்தார்.

"அது வேணாம் சார்," என்றாள் சியோம்புவா. கை தானாகப் போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. "ஆள் இருக்கு."

சார் காலி அறையைச் சுற்றிப் பார்த்தார். நாற்காலி முதுகில் இருந்த பெயரைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். மாமரத்தடியிலிருந்து ஐம்பது பெண்கள் ஒரே குரலில் எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் கையை எடுத்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் போய் நின்றுகொண்டார். பாடத்தை நின்றே தொடங்கினார்.