ஏழாவது பதில்

எங்கள் சபையில் அட்டையைப் படித்துப் பார்த்துக் குறி போடும் பழக்கம் யாருக்கும் கிடையாது. பதினாறு வருடமாகச் சபை அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த அட்டைகளை அச்சடித்து, கொடுத்து, திரும்ப வாங்கி, எண்ணி, அலமாரியில் பூட்டியவள் நான். எனக்குத் தெரியாதா?

வருடத்தில் ஒரு ஞாயிறு மிஷனரி ஞாயிறு. பிரசங்கம் முடிந்ததும் ஆளுக்கு ஓர் அட்டை கொடுப்போம். அதில் மூன்று கட்டம்: ஊழியத்துக்காக ஜெபிப்பேன், ஊழியத்துக்குக் கொடுப்பேன், ஊழியத்துக்குப் போவேன். எல்லாரும் முதல் கட்டத்தில் குறி போடுவார்கள். துணிச்சல் உள்ளவர்கள் இரண்டாவதிலும் போடுவார்கள். மூன்றாவது கட்டம் அட்டைக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான். பதினாறு வருடத்தில் அதில் ஒரே ஒரு குறி விழுந்தது. அது ஒரு கைக்குழந்தை அம்மாவின் பேனாவைப் பிடுங்கிக் கிறுக்கியது.

இந்த வருடம் புதிய போதகர். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. எங்கள் சபையின் சுபாவம் இன்னும் பிடிபடவில்லை. அட்டையின் மாதிரியைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அக்கா, ஆண்டவர் போங்கன்னுதானே முதல்ல சொன்னார்? அதைக் கொண்டுபோய் ஏன் கடைசில வச்சிருக்கீங்க? மேல போடுங்க" என்றார்.

"எங்க இருந்தா என்ன பாஸ்டர், எல்லாம் ஒரே அட்டைதானே."

"ஒரே அட்டைதானே? அப்ப மாத்துறதுல என்ன கஷ்டம்?"

மாற்றினேன். போவேன் மேலே, கொடுப்பேன் நடுவில், ஜெபிப்பேன் கீழே. யாரிடமும் சொல்லவில்லை. கொட்டை எழுத்தில் அட்டையிலேயே இருக்கிறது, வாயாலும் வேறு சொல்ல வேண்டுமா?

திங்கட்கிழமை காலையில் எண்ணினேன். அறுபத்து மூன்று அட்டை. அறுபத்திரண்டில் முதல் கட்டத்தில் குறி. பாட்டுக்குழுத் தலைவி, பல் டாக்டர், கமிட்டித் தலைவர், சக்கர நாற்காலியில் வரும் எண்பத்தேழு வயது ஐயா என்று மொத்தச் சபையும் மூட்டை கட்டத் தயாராக இருந்தது. மிச்சமிருந்த ஓர் அட்டையில் மட்டும் கடைசிக் கட்டத்தில், ஜெபிப்பேன் என்ற இடத்தில் குறி. அது என்னுடையது. சபை முழுவதிலும் படித்துப் பார்த்துக் குறி போட்டவள் நான் ஒருத்திதான்.

போதகரிடம் சொன்னால் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தார். சிரித்து முடித்துவிட்டு, "எல்லார் போன் நம்பரும் எடுங்கக்கா" என்றார். என் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். "ஊழியத்துக்குப் போவேன்னு போட்டிருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். எப்ப வந்து பேசலாம்?"

இரண்டு நாள் அந்த அறையில் நான் கேட்ட சாக்குப்போக்குகளை ஒரு புத்தகமாகப் போடலாம். பல் டாக்டர் அன்று கண்ணாடி கொண்டுவரவில்லையாம். பாட்டுக்குழுத் தலைவியின் அட்டையில் குறி போட்டது பக்கத்தில் இருந்த நாத்தனாராம். நாத்தனாரைக் கேட்டால், அண்ணி போட்டதைப் பார்த்துத்தான் தானும் போட்டாராம். கமிட்டித் தலைவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "வரிசையை மாத்தினா சபைல அறிவிக்க வேண்டாமா? இது என்ன, பரீட்சையா?" என்றார். சக்கர நாற்காலி ஐயா மட்டும், "வண்டி அனுப்புவீங்களா, நானே வரணுமா?" என்று கேட்டார். நாற்பதாவது அட்டைவரை அவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் ஆளைவிட்டால் போதும் என்று இருந்தது.

நாற்பத்தோராவது அட்டை என் வீட்டுக்காரருடையது. அவர் குழாய் வேலை செய்பவர். போதகர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எண்ணை அழுத்தினார். ஸ்பீக்கரில் யாரோ சுவரைக் கொத்தும் சத்தம் கேட்டது.

"அண்ணே, அட்டை விஷயம். நீங்களும் பார்க்காமதான் போட்டீங்களா?"

"ஆமா பாஸ்டர். பார்க்காமதான் போட்டேன்."

எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

"ஆனா நேத்து வீட்டு மேசைமேல மிச்ச அட்டை ஒண்ணு கிடந்துச்சு. எடுத்துப் படிச்சுப் பார்த்தேன்." கொத்தும் சத்தம் நின்றது. "படிச்சதுக்கப்புறம் இல்லைன்னு சொல்ல வாய் வரல பாஸ்டர். போட்டது போட்டதாவே இருக்கட்டும்."

அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"என்ன இருக்கட்டும்? எது இருக்கட்டும்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீ அச்சடிச்ச அட்டைதானே" என்றார். அது கிண்டலாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மனதாரச் சொன்னார்.

"அங்க போய் என்ன செய்வீங்க? பிரசங்கமா? வீட்டுல ஜெபம் பண்ணச் சொன்னாலே ரெண்டு வரியில ஆமென் போடுற ஆளு."

"அதான் எனக்கும் தெரியல."

ஐம்பத்து நான்கு வயது. காலையும் மாலையும் சர்க்கரைக்கு மாத்திரை. எங்கே மாத்திரை இருக்கிறது என்று கேட்டால் என்னைக் கைகாட்டுவார். முப்பது வருடமாகச் சேர்த்த வாடிக்கை. இரண்டு வருடம் போய்விட்டுத் திரும்பினால் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். ஊழியத்துக்கு அனுப்பினால் இரண்டு வருடத்துக்குக் குறையாமல் என்பது சபையின் விதி. அந்த விதியையும் நான்தான் அச்சடித்திருக்கிறேன். இதெல்லாம்கூடப் போகட்டும். முன்னறையில் எங்கள் ஒரே மகள் படுத்திருந்தாள். இரண்டு முறை தங்காமல் போய், இப்போது ஏழாவது மாதம். படி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி, எங்கள் வீட்டில் வந்து இருக்கிறாள்.

எங்கள் சத்தம் கேட்டு அங்கிருந்தே கேட்டாள். "அப்பா, பிள்ளை பிறக்கிறப்ப நீங்க இருக்க மாட்டீங்களா?"

அவர் போய் அவள் கால்மாட்டில் உட்கார்ந்தார். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஊரில் உள்ள குழாயெல்லாம் இவர் கையில் அடங்கும். எங்கள் சமையலறைக் குழாய் இரண்டு வருடமாகச் சொட்டுகிறது. நானும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கீழே ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை கமிட்டி கூடியது. கமிட்டித் தலைவர் என் வீட்டுக்காரரைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசினார். "தங்கமான மனுஷன், ஒத்துக்கிறேன். ஆனா எந்த ஊழியத்துலங்க குழாய் வேலைக்கு ஆள் கேட்டிருக்காங்க? கேட்டிருந்தா நாளைக்கே அனுப்பலாம். கேக்காத இடத்துக்கு ஆளை அனுப்பி அவரைத் திண்டாட விடக்கூடாது." பிறகு குறிப்பு எழுதிக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பினார். "ஃபைல்ல அப்படி ஏதாவது லெட்டர் இருக்காம்மா?"

நான் குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பார்க்கணும் சார்" என்றேன்.

"பார்த்து ஞாயித்துக்கிழமை சொல்லுங்க. இல்லைன்னா இதை இத்தோட முடிச்சிடலாம்."

பார்க்க என்ன இருக்கிறது? அலமாரியின் இரண்டாவது தட்டில், பச்சை ஃபைலில் ஆறு கடிதம் இருப்பது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒன்றரை நாள் பயணத்தில், ஒரு பெண்கள் விடுதி. நூற்று நாற்பது பிள்ளைகள். அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மா வருடத்துக்கு ஒருமுறை எங்கள் சபைக்குக் கையால் எழுதுவார். மேட்டில் ஊற்று இருக்கிறது. யாரோ வாங்கிக் கொடுத்த குழாய்கள் கொட்டகையில் கிடக்கின்றன. பதிக்கத் தெரிந்த ஆள்தான் இல்லை. பிள்ளைகள் விடிந்ததும் ஆற்றுக்கு இறங்கித் தண்ணீர் சுமந்து ஏறிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். மூன்றாவது கடிதத்தில், ஒரு பிள்ளை தண்ணீரோடு வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டது என்று எழுதியிருந்தார். உங்கள் சபையில் குழாய் வேலை தெரிந்தவர் ஒருவர்கூடவா இல்லை என்று ஐந்தாவதில் கேட்டிருந்தார்.

ஆறுக்கும் பதில் போட்டது நான். முதல் வருடம், "உங்கள் தேவையை எங்கள் ஜெபத்தில் தாங்கி வருகிறோம்" என்று அடித்தேன். அடுத்த வருடத்திலிருந்து கணினியில் பழைய கடிதத்தைத் திறந்து தேதியை மட்டும் மாற்றுவேன். பழைய போதகர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். பிள்ளையின் கால் முறிந்த வருடமும் தேதியை மட்டும்தான் மாற்றினேன்.

வேலை அவசரத்தில் மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை. முதல் கடிதம் வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும், இதை வீட்டில் சொன்னால் இந்த மனுஷர் கிளம்பிவிடுவார் என்று. ஆகவே சொல்லவில்லை. ஆறு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு வாயைத் திறக்கவில்லை.

இப்போதும் திறக்காமல் இருந்தால் போதும். "ஒண்ணும் இல்ல சார்" என்ற மூன்று சொல்லில் என் வீடு என் வீடாகவே இருக்கும். பச்சை ஃபைலை யாரும் தேடி வரப்போவதில்லை. அட்டையையே படிக்காதவர்கள் ஃபைலையா படிப்பார்கள்?

சனிக்கிழமை மதியம் அவர் சீக்கிரம் வீட்டுக்கு வந்தார். கமிட்டித் தலைவர் வழியில் பார்த்து எல்லாம் சொல்லியிருக்கிறார்.

"கர்த்தருக்குக் குழாய் வேலைக்கு ஆள் வேண்டாமாம்" என்று சிரித்தார். "நல்லதாப் போச்சு, பிள்ளை பிறக்கிறப்ப கூட இருக்கலாம்."

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவர் பையை வைத்த விதத்தைப் பார்த்தேன். எப்போதும் 'தொப்'பென்று போடுபவர், சத்தமில்லாமல் மூலையில் வைத்தார். பிறகு அதிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். பாத்திரத்தை நகர்த்திவிட்டுக் குழாயைக் கழற்ற ஆரம்பித்தார்.

"நாப்பது வருஷமா கோயிலுக்கு வரேன்" என்றார், என்னைப் பார்க்காமலே. "பாட வராது, பேச வராது. சும்மா வந்து உக்காந்துட்டுப் போறவன்தான். இந்த ஒரு தடவைதான் என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. சரி, விடு."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல் இல்லை, கர்த்தர்மேல். சபையில் அறுபத்திரண்டு பேர் குறி போட்டிருக்க, என் வீட்டுக் கதவைத்தானா தட்ட வேண்டும்?

"ஆறு லெட்டர் இருக்கு" என்றேன்.

"எது?"

"குழாய் பதிக்க ஆள் வேணும்னு. ஆறு வருஷமாக் கேக்குறாங்க. எல்லாத்துக்கும் நான்தான் பதில் போட்டேன். உங்ககிட்ட வேணும்னுதான் சொல்லல."

விடுதியை, ஆற்றை, விழுந்த பிள்ளையை, எல்லாவற்றையும் பூசி மெழுகாமல் சொன்னேன். அவர் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

"ஊத்துலருந்து விடுதிக்கு எவ்வளவு தூரம்னு எழுதியிருக்காங்களா?"

"எண்ணூறு மீட்டர்."

"குழாய் என்ன சைஸ்?"

"ஒன்றரை இன்ச். நூத்தம்பது துண்டு. அதுல பத்துப் பன்னெண்டு வெயில்ல வெடிச்சிருக்காம்."

அப்போதுதான் அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் மனப்பாடமா வச்சிருக்கியே" என்றார்.

அழுதேன். அவர் குழாயை முடுக்கிவிட்டுத் திறந்து மூடிப் பார்த்தார். சொட்டு நின்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பச்சை ஃபைலைக் கமிட்டி மேசையில் வைத்தேன். போதகர் ஆறு கடிதத்தையும் படித்தார். பிறகு என் பதில்கள் ஆறையும், ஒரே பதில் என்று தெரிந்த பிறகும், ஒவ்வொன்றாகப் படித்தார். கமிட்டித் தலைவர் தொண்டையைச் செருமினார். "அப்போ நான் சேர்ல உக்காந்திருந்த ஆறு வருஷமும்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். மழைக்கு முன்னால் குழாய் பதிக்க வேண்டும் என்பதால் அடுத்த மாதம் பத்தாம் தேதி புறப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. மகளுக்கு டாக்டர் சொன்ன நாள் அதற்கு ஐந்து வாரம் கழித்து.

மகள் ஒரு நாள் முழுக்க அவரோடு பேசவில்லை. மறுநாள் காலை, மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்துத் தனித்தனி உறைகளில் போட்டு, மேலே பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். "இதையாவது படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்கப்பா" என்றாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் ஏழாவது பதிலை எழுத உட்கார்ந்தேன். பழக்க தோஷம், கை பழைய கடிதத்தையே திறந்தது. மூடிவிட்டு வெற்றுப் பக்கத்தில் ஆரம்பித்தேன். ஆள் வருகிறார், பத்தாம் தேதி புறப்படுகிறார், வெடித்த குழாய்களைத் தனியே எடுத்து வையுங்கள் என்று எழுதினேன். முடிவில், வழக்கமான வரி வர வேண்டிய இடத்தில், விரல் தானாக 'ஜெபத்தில்' வரை ஓடிவிட்டது. அழித்தேன்.

"அம்மா, ஆறு வருடமாக உங்களுக்குப் பதில் எழுதியவள் நான்தான். ஜெபிக்கிறோம் என்று எழுதினேன். ஒரு நாளும் ஜெபிக்கவில்லை. வருகிறவர் என் கணவர். எங்கள் மகளுக்குப் பிரசவம் ஆகும்போது அவர் அங்கே இருப்பார், நான் இங்கே இருப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் எங்களுக்காக ஜெபியுங்கள்."

அச்சடித்துப் போதகரிடம் கொடுத்தேன். பேனாவை எடுத்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். கடிதத்தை என் பக்கம் நகர்த்தி, "கீழ இடம் இருக்கு, நீங்களும் போடுங்கக்கா" என்றார்.

நான் எழுதியதை இன்னொரு முறை படித்துப் பார்த்துவிட்டு என் பெயரைப் போட்டேன்.