பன்னிரண்டாவது வாசகர்

உயிரோடு இருந்த விடுதிக் காப்பாளருக்கு இரங்கலுரை எழுதியதற்காக என்னைக் கல்லூரியிலிருந்து ஒரு பருவத்துக்கு நீக்கிவைத்தார்கள். கையெழுத்துப் பத்திரிகையில் அரைப்பக்கம்தான். ‘அன்னார் நேற்றிரவு சாம்பாரில் கலந்தார்’ என்று தொடங்கியிருந்தேன். அதை நம்பி அவருடைய மாமியார் சீர்காழியிலிருந்து மாலையோடு பஸ் ஏறி வந்துவிட்டது என் குற்றமா? குற்றம்தான் என்றார்கள்.

அப்பா என்னை நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் கிளை நூலகராக இருந்த சித்தப்பா நாகநாதனிடம் அனுப்பினார். எழுபத்திரண்டாம் வருஷம், சித்திரை மாதம். ஆற்றில் தண்ணீர் விட இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. வயல் வெடித்துக் கிடந்தது. வாய்க்காலில் ஆடுகள் நடந்து போயின.

நான் போன அன்று சித்தப்பா ஒரு சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயது தாண்டியவர்கள் படிப்பதற்கென்று நாற்பது புதிய புத்தகங்களை மேலிடம் அனுப்பியிருந்தது. கதை, கவிதை கிடையாது, எல்லாம் அறிவு நூல்கள். பரிந்துரைப் பட்டியல் எழுதி வாசலில் வைக்க வேண்டும். குறைந்தது பன்னிரண்டு முதியவர்களாவது எடுத்துப் படிப்பதாகப் பதிவேடு காட்ட வேண்டும். இல்லையென்றால் புத்தகங்கள் திரும்பப் போகும், சித்தப்பாவுக்கு விளக்கம் கேட்டு ஓலை வரும்.

பட்டியல் என் பொறுப்பாயிற்று. கரும்பலகையில் எழுதினேன்.

‘கறையான்: ஓர் அறிமுகம். உங்கள் வீட்டில் ஏற்கெனவே குடியிருப்பவரைப் பற்றி.’

‘அறுபதுக்குப் பின் அஜீரணம். படங்களுடன்.’

‘வானத்துக் கூட்டம். வெள்ளிகளையும் கிரகங்களையும் வெறுங்கண்ணால் அறிய. கழுத்துவலி உள்ளவர்கள் தவிர்க்கவும்.’

மின்விசிறிக்காக வந்து தூங்குகிறவர்களை எழுப்பி எழுப்பிப் பதினோரு பேரைச் சேர்த்தேன். பன்னிரண்டாவது ஆள் ஊரில் கிடைக்கவில்லை. வாக்காளர் பட்டியலைப் புரட்டினேன். ரெத்தினம், ஆண், வயது எழுபத்தொன்று. வீட்டு எண் இல்லை, ‘மதகுத் தெரு’ என்று மட்டும் இருந்தது. தொந்தரவு கொடுக்காத வாசகராகத் தெரிந்தார். பதிவேட்டில் அவர் பெயரை எழுதி, வால் நீண்ட ஒரு கையெழுத்தையும் நானே போட்டு, ‘வானத்துக் கூட்டம்’ அவருக்குப் பதினைந்து நாள் தவணையில் வழங்கப்பட்டதாகக் குறித்தேன். புத்தகம் அலமாரியில் இருந்தால் ஆய்வாளர் கண்ணில் படும் என்று ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன்.

பதினைந்தாம் நாள் ‘திருப்பி வாங்க’ப் பெட்டியைத் திறந்தேன். புத்தகம் ஈரமாக இருந்தது.

பெட்டி காய்ந்திருந்தது. கூரை ஒழுகவில்லை, ஒழுக மழையும் இல்லை. நாற்பத்தேழாம் பக்கத்தின் ஓரத்தில் சேற்றில் தோய்ந்த ஒரு கட்டைவிரல் தடம் இருந்தது. கருப்பு வண்டல். முகர்ந்து பார்த்தேன், வாய்க்கால் வாடை. அன்றைக்கு அந்த ஊரில் ஈரமண் என்று ஒன்று எங்குமே கிடையாது.

“சித்தப்பா, இந்தப் புத்தகத்த நீங்க எடுத்தீங்களா?”

“நான் பேப்பர்லயே ‘மணமகன் தேவை’ தாண்டி படிக்கறதில்ல. ஏன்டா?”

“ஒண்ணுமில்ல. வாசகர் கொஞ்சம் அழுக்காக்கிட்டாரு.”

“அழுக்காச்சுன்னா படிச்சிருக்காங்கன்னு அர்த்தம்டா. நல்லதுதான்.”

மறுபடியும் அதே பெயர், அதே புத்தகம், அதே பூட்டு. இன்னொரு பதினைந்து நாள் கழித்துத் திறந்தபோது நாற்பத்தேழாம் பக்கத்தில் இரண்டு தடங்கள். முதலாவதன் கீழே, வரிசை பிசகாமல். வேறெந்தப் பக்கத்திலும் ஒன்றும் இல்லை. நான் சாவியை இடுப்பிலிருந்து கழற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். மூன்றாவது தடம் வந்தது. புத்தகத்தை மாற்றி, ரெத்தினத்தின் பெயரில் ‘அஜீரணம்’ எழுதி அதைப் பெட்டியில் வைத்தேன். அது அப்படியே காய்ந்து கிடந்தது. அலமாரியில் இருந்த ‘வானத்துக் கூட்டம்’ நனைந்திருந்தது. வாசகரின் விருப்பத்துக்குக் கட்டுப்படுவதுதான் நூலகத்துக்கு அழகு என்று, அதன்பின் நான் வேறு பரிந்துரை எதுவும் அவருக்குச் செய்யவில்லை.

ஆடி முடியப்போனது. தண்ணீர் வந்து, நடவு முடிந்து, ஏழு தடங்கள் சேர்ந்திருந்தன. அப்போதுதான் இராஜாங்கம் வந்தார்.

அவர் பண்ணை வைரக்கண்ணுவின் காரியஸ்தர். நூலகக் கட்டடமே பண்ணையுடையது என்பதால் செருப்போடு உள்ளே வரும் உரிமை அவருக்கு உண்டு. நேரே பதிவேட்டைப் புரட்டினார். ரெத்தினத்தின் பெயரில் விரல் வைத்து, புதையல் கண்டவர்போலச் சிரித்தார்.

“நூலகரே, ஊருக்கே வெளிச்சம் குடுக்கறீங்க. இந்த ரெத்தினம் பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் வந்து புத்தகம் எடுக்கறாருன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. வெள்ளிக்கிழமை விசாரணை இங்கதான். பதிவேட்டையும் எடுத்து வைங்க.”

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

விஷயம் அன்று மாலை அமிர்தம் சொல்லித்தான் புரிந்தது. அமிர்தம் நாற்பத்தைந்து வயதுக்காரி, மதகை ஒட்டி ஒன்பது மா நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவள். நூலகப் படியில் ஏறாமல், களையெடுத்த சேறு காயாத காலோடு கீழேயே நின்றாள்.

“நீதான் பட்டியல் எழுதற தம்பியா? ரெத்தினம் மாமா புத்தகம் படிக்கறாருன்னு எழுதினது நீயா?”

“ஆமாங்க.”

“அந்த மனுசன் செத்து மூணு வருசமாச்சு. வாய்க்கால்லேருந்து தூக்கினதே நான்தான்.”

ரெத்தினம் பண்ணையின் வண்டிக்காரர். உற்றார் உறவினர் இல்லை. அறுபத்தொன்பது ஐப்பசியில் நெல் மூட்டையோடு வண்டி மதகில் கவிழ்ந்து செத்துப்போனார். நில உச்சவரம்பைக் குறைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டதும், உபரியென்று அரசு எடுத்துக்கொள்ளக்கூடிய நிலங்களை வைரக்கண்ணு ஆளுக்கு ஒரு துண்டாக எழுதிவைத்தார். அதில் அமிர்தத்தின் ஒன்பது மா ரெத்தினத்துக்கு ‘விற்கப்பட்டது’, எழுபதாம் வருஷம் தை மாதத் தேதியில். சாவைப் பதிந்தவர்கள் யாரும் இல்லை. கொள்ளி வைத்த அமிர்தத்தின் புருஷனும் போன வருஷம் போய்விட்டான். இப்போது அந்த ரெத்தினம், சொந்தமாகச் சாகுபடி செய்ய வேண்டும், குத்தகைக்காரி வெளியேற வேண்டும் என்று மனுப் போட்டிருக்கிறார். முத்துப்பேட்டையில் தங்கி வைத்தியம் பார்க்கிறாராம். புத்தகம் எடுக்க மட்டும் வந்துபோகிறாராம்.

“பத்திரம் பொய்யின்னு ஆனா நிலம் உபரியாவும், உழுதவன்னு என் பேருக்கு ஒரு வழி இருக்கு. நெசம்னு ஆனா அறுப்புக்குள்ள நான் நடையைக் கட்டணும்,” என்றாள். “ஏன் தம்பி, அவருக்குத் தெரிஞ்ச ஒரே எழுத்து மாட்டுத் தொடையில போடற சூடுதான். அவரப் போயி படிக்க வச்சிருக்கியே?”

எனக்கு என்ன தோன்றியதோ, புத்தகத்தை எடுத்து வந்து நாற்பத்தேழாம் பக்கத்தைக் காட்டினேன். பெட்டியையும் பூட்டையும் பற்றிச் சொன்னேன். சிரிப்பாள் அல்லது ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் தடங்களைத் தொடாமல் பார்த்தாள்.

“இந்தப் பக்கத்துல என்ன எழுதியிருக்கு?”

தலைப்பை வாசித்தேன். “விடிவெள்ளியும், விடிவெள்ளி போலத் தோன்றுவனவும்.”

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அன்னிக்கு என் வீட்டத் தாண்டறப்ப, ‘அமிர்தம், வெள்ளி முளைச்சாச்சு, நான் கெளம்பறேன்’னு கொரல் குடுத்தாரு. கண்ண முழிச்சேன். கும்மிருட்டு, கோழிகூடக் கூவல. இன்னும் நேரம் இருக்கு மாமான்னு சொல்ல நெனைச்சேன். தூக்கக் கலக்கத்துல சொல்லல. நெசமா விடியறப்ப மாடு மட்டும் நின்னுச்சு.”

“படிக்கத் தெரியாதவுங்க வேற என்ன செய்வாங்க? வெரல வச்சிக்கிட்டு, யாராச்சும் படிச்சு சொல்லட்டும்னு காத்திருப்பாங்க,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை அதிகாரி ஜீப்பில் வந்தார். வாசிப்பு மேஜையின் ஒரு பக்கம் இராஜாங்கம், எதிர்ப்பக்கம் அமிர்தம். தூங்க வந்த பதினோரு முதியவர்களும் அன்றைக்கு விழித்திருந்தார்கள். இராஜாங்கம் பதிவேட்டை நீட்டினார். அதிகாரி என் கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, “எழுபத்தொரு வயசுக்குக் கை நடுங்கவே இல்ல,” என்றார்.

நான் எழுந்தேன். உண்மையைச் சொன்னால் கல்லூரி என்னைத் திரும்பச் சேர்க்காது, சித்தப்பாவுக்கு வேலை போகலாம். எல்லாம் தெரிந்துதான் எழுந்தேன்.

“சார், அது எல்லாம் நான் போட்ட கையெழுத்து. அப்படி ஒருத்தர் வரவே இல்ல. கணக்குக் காட்ட நான் எழுதினது.”

இராஜாங்கம் காத்திருந்தவர்போல ஒரு தாளை எடுத்தார். என்னைக் கல்லூரி நீக்கிய உத்தரவின் நகல்.

“சார், இந்தப் பையன் உயிரோட இருக்கற வார்டனையே செத்துட்டாருன்னு எழுதினவன். இப்ப ரெத்தினத்தயும் சாகடிக்கறான். பொழுதுபோக்கு சார் இவனுக்கு. அந்தம்மா வேற வந்து பேசிட்டுப் போச்சு.”

அதிகாரி உத்தரவைப் படித்தார். “சாம்பாரில் கலந்தார்,” என்று மெல்ல உச்சரித்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் வாக்குமூலம் முடிந்துபோனது. வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையைச் சொன்னவனை யார் நம்புவார்கள்?

“அந்தப் புத்தகத்தக் கொண்டாங்க,” என்றார் அதிகாரி. “ஏழு தரம் எடுத்திருக்காரு. படிச்சிருக்காரா பாப்போம்.”

சித்தப்பா அதை மேஜைமேல் வைத்ததும் புத்தகம் தானாகவே நாற்பத்தேழாம் பக்கத்தில் பிரிந்துகொண்டது. ஏழு தடங்கள் அல்ல. எட்டு. எட்டாவது இன்னும் காயவில்லை. இராஜாங்கம் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“பாருங்க சார்! இதுக்கு மேல என்ன வேணும்? கடையாணி அடிக்கறப்ப சுத்தியல் விழுந்து கட்டைவிரல் குறுக்கால பிளந்துபோச்சு ரெத்தினத்துக்கு. இருவது வருசத்து வெட்டு, ஊருக்கே தெரியும். பாருங்க, வெட்டு எப்படித் தெரியுதுன்னு. இது ரெத்தினம் வெரலேதான், சத்தியமா...”

சத்தியத்தின் நடுவில் குரல் நின்றுவிட்டது. ஏனென்றால் ரெத்தினத்தின் பிணத்தை எரிக்க விறகு கொடுத்தனுப்பியவரே அவர்தான்.

அவர் மேஜையிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தார். அவர் கண்கள் அந்த எட்டாவது தடத்தைவிட்டு அகலவில்லை.

அதிகாரிக்கு அதெல்லாம் தெரியாது. அவர் காகிதக் கட்டிலிருந்து பத்திரத்தை உருவி, வாங்குபவர் இடதுகைப் பெருவிரல் ரேகையைப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பத்திரத்தில் இருந்த ரேகை வழவழவென்று, முழுசாக இருந்தது. வெட்டு இல்லை.

“இது ரெத்தினம் வெரல்னு நீங்களே சொல்றீங்க,” என்றார் புத்தகத்தைக் காட்டி. “அப்ப பத்திரத்துல இருக்கறது யாரு வெரல்?”

இராஜாங்கம் வாசல் பக்கம் பார்த்தார்.

“உங்க எடதுகையக் காட்டுங்க, இராஜாங்கம்.”

இராஜாங்கத்தின் இடதுகை சட்டைப்பைக்குள் போனது.

பத்திரம் பொய் என்று ஆவணி கடைசியில் உத்தரவு வந்தது. அமிர்தம் அந்தக் குறுவையை அவளே அறுத்தாள். சித்தப்பாவுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. நூலகத்தைக் காலிசெய்யச் சொல்லிப் பண்ணையிலிருந்து ஆள் வந்தது. என் கல்லூரியிலிருந்து எதுவும் வரவில்லை. ரெத்தினம் உயிரோடு இருக்கிறாரா என்று உத்தரவில் ஒரு வரிகூட இல்லை. சட்டப்படி அவர் இன்னும் எங்கள் பன்னிரண்டாவது வாசகர்.

அறுப்பு முடிந்த மறுநாள் அமிர்தம் வந்து, “தம்பி, அதக் கொஞ்சம் படிச்சுக் காட்டிடு. எனக்காச்சும் தூக்கம் வரட்டும்,” என்றாள்.

உச்சிவெயிலில் இருவரும் மதகுக்குப் போனோம். தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மதகுக் கட்டைமேல் உட்கார்ந்து நாற்பத்தேழாம் பக்கத்தை உரக்கப் படித்தேன். விடிவெள்ளி சூரியனைவிட்டு வெகுதூரம் போவதில்லை. ஐப்பசியில் நடு இரவுக்குள்ளேயே தென்கிழக்கில் ஏறிவரும் பெரிய நட்சத்திரம் அது அல்ல. அதைக் கண்டு விடிந்துவிட்டதென்று வண்டி பூட்டி ஏமாறுவோர் உண்டு. விடிய இன்னும் ஒரு சாமத்துக்கு மேல் இருக்கும்.

“கேட்டுச்சா மாமா?” என்றாள் அமிர்தம், தண்ணீரைப் பார்த்து. “அது வேற. உங்க மேல தப்பில்ல.”

மதகில் தண்ணீர்ச் சத்தம் ஒரு மூச்சு நேரம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது. பக்கத்தைப் பார்த்தேன். எட்டுத் தடங்களும் இல்லை, தாள் வெள்ளையாக, காய்ந்து இருந்தது. நிம்மதியாகப் புரட்டினேன்.

நாற்பத்தெட்டாம் பக்கத்தின் ஓரத்தில், குறுக்கே வெட்டு விழுந்த ஒரு கட்டைவிரல் ஈரமாகப் பதிந்து காத்திருந்தது.

புத்தகத்தில் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். நான் படிக்கத் தொடங்கினேன்.